கே99-ஆ, கே23-ஆ, நேராக ஆர்01-ஆ? மனநல ஆய்வாளர் சொந்த ஆய்வகம் தொடங்க எந்த நிதி பொருந்தும்

அமெரிக்காவில் மனநல ஆய்வில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி ஆய்வு) செய்யும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: அடுத்து எந்த நிதிக்கு எழுதுவது? கே, ஆர் என்று தொடங்குபவை எல்லாம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச் தரும் நிதி வகைகள். ஆய்வகத் தலைவர் கே99 எழுதச் சொல்கிறார். பக்கத்து அறைக்காரர் அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது, வேலையைத் தேடிக்கொண்டு ஆர்01 எழுது என்கிறார். மனநல மருத்துவத் துறையில் இருப்பவர் கே23-ஐ விட்டால் வேறு வழியே இல்லை என்கிறார். ஒவ்வொருவரும் தாம் வந்த பாதையைத்தான் சொல்கிறார்கள். உங்கள் பட்டம், விசா, போஸ்ட்டாக்கில் கழிந்த மாதங்கள் ஆகியவை அவர்களுடையதைப் போல இருக்க வேண்டும் என்பதில்லை.

பலரும் தொகையை வைத்து ஒப்பிடத் தொடங்குகிறார்கள். அங்கேதான் பிழை ஏற்படுகிறது. இந்த நிதிகளில் ஒன்று நான்கு ஆண்டில் கைவிட்டுப் போய்விடும், பிறகு எந்நாளும் கேட்க முடியாது. இன்னொன்று பத்து ஆண்டு வரை காத்திருக்கும். ஆகவே எந்த வாசல் முதலில் அடைபடும் என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு தொகையைப் பாருங்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது காலக்கெடு. இரண்டாவது குடியுரிமை. கிரீன் கார்டு இல்லாதவருக்குப் பட்டியலில் பாதி அப்போதே உதிர்ந்துவிடும். மூன்றாவது, பல்கலைக்கழக மேற்செலவு (கட்டடம், நிர்வாகம் ஆகியவற்றுக்காகப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் பங்கு) போக உங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும் தொகை. அறிவிப்பில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றல்ல. நான்காவது, வேலை மாறும்போது நிதியைக் கையோடு கொண்டுபோக முடியுமா என்பது. ஐந்தாவது, உங்கள் நேரத்தில் எவ்வளவு கட்டுண்டு போகும் என்பது.

ஆறாவது மனநல ஆய்வுக்கே உரியது: உங்கள் ஆய்வு 'கிளினிக்கல் டிரையல்' என்ற வரையறைக்குள் வருகிறதா? என்.ஐ.எச்-இன் வரையறை மிக அகலமானது. மனிதர்களை முன்கூட்டியே பிரித்து ஏதோ ஒரு தலையீட்டுக்கு உட்படுத்தி, அது உடல்நலம் அல்லது நடத்தை சார்ந்த ஒரு விளைவை எப்படி மாற்றுகிறது என்று பார்த்தாலே போதும். மருந்து கொடுக்காத, மூளை ஸ்கேனருக்குள் வெறும் மன அழுத்தப் பணி ஒன்றைச் செய்யவைக்கும் ஆய்வும் இதில் சிக்கியதுண்டு. கே99-க்கும் மற்ற கே வகைகளுக்கும் டிரையல் உள்ளவை, இல்லாதவை, மனிதரிடம் செய்யும் அடிப்படைச் சோதனைகள் என்று தனித்தனி அறிவிப்புகள் இருந்து வந்துள்ளன. தவறான அறிவிப்பின் கீழ் அனுப்பிய விண்ணப்பம் மதிப்பீட்டுக்குப் போகாமலே திரும்பிவிடும். ஒரு சுற்று போனால் நான்கு மாதம் போகும். நான்கு ஆண்டுக் கெடுவில் நான்கு மாதம் சிறிய இழப்பு அல்ல.

## ஒரே பார்வையில்

| | கே99/ஆர்00 | கே01, கே08, கே23 | ஆர்01 (தொடக்கநிலை ஆய்வாளர்) | பி.பி.ஆர்.எஃப் (மூளை, நடத்தை ஆய்வு அறக்கட்டளை) இளம் ஆய்வாளர் நிதி |
|---|---|---|---|---|
| காலக்கெடு | போஸ்ட்டாக் ஆய்வு அனுபவம் 4 ஆண்டுக்குள் | பொதுவாக உதவிப் பேராசிரியர் பணியின் தொடக்கம் வரை | பட்டம் அல்லது மருத்துவப் பயிற்சி முடித்து 10 ஆண்டுக்குள் | முதிர்ந்த போஸ்ட்டாக் முதல் உதவிப் பேராசிரியர் வரை |
| கிரீன் கார்டு | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம், நாட்டு வரம்பும் இல்லை |
| கால அளவு | 2 + 3 ஆண்டு | 3 முதல் 5 ஆண்டு | 5 ஆண்டு வரை | 2 ஆண்டு வரை |
| தொகை | ஆர்00-இல் ஆண்டுக்கு 2,49,000 டாலர், மேற்செலவும் சேர்த்து | சம்பளத்தின் ஒரு பகுதி, சிறிய ஆய்வுச் செலவு | சுருக்க பட்ஜெட்டில் (விரிவான செலவுக் கணக்கு கேட்காத வடிவம்) ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை, மேற்செலவு தனி | ஆண்டுக்கு 35,000 டாலர் |
| நேரம் | 75 விழுக்காடு | 75 விழுக்காடு | நீங்கள் பட்ஜெட்டில் குறிப்பிடுவது | குறைவு |
| வேலை மாறினால் | மாறுவதற்காகவே உள்ளது | மாற்றலாம், எளிதல்ல | பல்கலைக்கழகம் விட்டுக்கொடுத்தால் வரும் | மாற்றலாம் |

## கே99/ஆர்00

இரண்டு கட்டம். முதல் இரண்டு ஆண்டு வரை வழிகாட்டியின் கீழ் (கே99), அடுத்த மூன்று ஆண்டு வரை உங்கள் சொந்த ஆய்வகத்தில் (ஆர்00). விசாவில் இருக்கும் ஒருவர் கேட்கக்கூடிய கே வகை நிதி ஏறக்குறைய இது ஒன்றுதான். அதனால்தான் நம்மவர்களுக்கு இதன் நான்கு ஆண்டுக் கணக்கு அவ்வளவு முக்கியம்.

அந்தக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் விண்ணப்பம் நான்கு ஆண்டுக்குள் இருந்தால் மட்டும் போதாது, மறுவிண்ணப்பமும் அதற்குள் இருக்க வேண்டும். புதிய விண்ணப்பத்தின் நாட்கள் பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. மறுவிண்ணப்பம் மார்ச் 12, ஜூலை 12, நவம்பர் 12. ஜூன் 12-இல் அனுப்பினால் மதிப்பீட்டுக் குழு அக்டோபர், நவம்பரில் கூடும். அவர்களின் எழுத்துக் கருத்து அதற்குப் பின் சில வாரம் கழித்து வரும். நவம்பர் 12-ஐ எட்ட முடியாது, ஆகவே மறுவிண்ணப்பம் அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிப்போகும். முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒன்பது மாதம். முதல் முறையே கிடைப்பது அரிது என்பதால், போஸ்ட்டாக்கில் சேர்ந்து இரண்டரை ஆண்டு ஆகும்போது முதல் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மூன்றேகால் ஆண்டைத் தாண்டி அனுப்புகிறவர் ஒரே அம்போடு போருக்குப் போகிறார்.

சில விலக்குகள் உண்டு. ஆய்வு இல்லாத மருத்துவப் பயிற்சிக் காலம் நான்கு ஆண்டில் சேராது. உரிமத்துக்காக நோயாளிகளை மட்டும் பார்த்த மாதங்களை மருத்துவ உளவியலாளர்கள் கழித்துக்கொள்ளலாம். விடுப்பில் இருந்த காலமும் கழியும். குழந்தை பெற்றவர்கள் ஓராண்டு நீட்டிப்புக் கேட்கலாம். கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிறார்கள், கேளுங்கள்.

அடுத்தது எந்தச் சுற்றில் அனுப்புவது என்பது. எல்லாச் சுற்றும் ஒன்றல்ல. பேராசிரியர் வேலைகளுக்கான விளம்பரம் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வரும், அழைப்பு அடுத்த வசந்தத்தில், பணியில் சேர்வது கோடை முடிவில். ஜூன் விண்ணப்பம் வென்றால் பணம் ஏப்ரலில் தொடங்கும். இரண்டு ஆண்டு முடிவது இன்னொரு மார்ச்சில். இரண்டாம் வேலைப் பருவத்தின் அழைப்பு அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். முழுதாகப் பயன்படுவது ஒரு பருவம்தான், மற்றதற்கு நீட்டிப்புக் கேட்டு ஓட வேண்டும். பிப்ரவரி விண்ணப்பத்தின் பணம் செப்டம்பரில் தொடங்கினால் இரண்டு பருவமும் முழுதாகக் கிடைக்கும். அக்டோபர் விண்ணப்பம் ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய அதே பயனைத் தரும். கெடு அனுமதித்தால் பிப்ரவரியையோ அக்டோபரையோ தேர்ந்தெடுங்கள்.

வேலை கிடைத்தவுடன் ஆர்00 தானாக வந்துவிடாது. முழுநேர டெனியூர் டிராக் (நிரந்தரப் பேராசிரியர் பதவிக்கு இட்டுச் செல்லும் பணி) அல்லது அதற்கு இணையான பணி வேண்டும். கே99 முடிய இரண்டு மாதத்துக்கு முன்பே புதிய நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் நேரத்தில் 75 விழுக்காடு ஆய்வுக்கு என்று அது எழுதித் தர வேண்டும். மருத்துவக் கல்லூரிகளுக்கு இது பழக்கமானது. உளவியல் துறைகளில்தான் சிக்கல். பருவத்துக்கு இரண்டு பாடம் நடத்தச் சொல்லும் துறை இந்தக் கடிதத்தைத் தரத் தயங்கும். வேலைக்கான பேச்சின்போதே, கையெழுத்திடும் முன், இதைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆர்00 இருக்கிறதே என்று, புதிதாகச் சேர்பவருக்குத் தரும் தொடக்க நிதியைத் துறை குறைக்க முயன்றால், அப்படிச் செய்யக் கூடாது என்பதே என்.ஐ.எச்-இன் எதிர்பார்ப்பு என்று அறிவிப்பைக் காட்டிப் பேசலாம். கே99 கைக்கு வருமுன்னே பேராசிரியர் பணியை ஏற்றுக்கொண்டால் கே99 போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

பணக் கணக்கு: ஆண்டுக்கு 2,49,000 டாலர் என்பது மேற்செலவையும் உள்ளடக்கியது. மேற்செலவு விகிதம் 60 விழுக்காடு உள்ள இடத்தில் கைக்கு வருவது சுமார் 1,55,600 டாலர், 50 விழுக்காடு என்றால் 1,66,000. உங்கள் சம்பளத்தையும் இதிலிருந்தே எடுக்கச் சொல்லும் துறையாக இருந்தால் ஒரு ஆய்வு உதவியாளரும் ஸ்கேன் கட்டணமும் போக மிச்சம் இராது. இந்தத் தொகையைப் பங்கேற்பாளர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்துவிட்டுத் திட்டத்தை எழுதுங்கள். நேரிலான நேர்காணல், ஸ்கேன், ஓராண்டுத் தொடர் கண்காணிப்பு ஆகிய மூன்றும் இருக்கும் திட்டம் இந்தத் தொகைக்குள் பெரும்பாலும் அடங்காது.

மதிப்பீட்டில் விழும் விண்ணப்பங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஒரு பத்தியை: வழிகாட்டியின் ஆய்விலிருந்து உங்கள் ஆய்வு எங்கே பிரிகிறது? எந்தத் தரவை, எந்த முறையை, எந்தக் கேள்வியை நீங்கள் எடுத்துப் போகலாம், அவர் அதில் போட்டிக்கு வரமாட்டார் என்று வழிகாட்டியின் கடிதம் பெயர் சொல்லிக் கூற வேண்டும். "மிகத் திறமையானவர்" என்று இரண்டு பக்கம் புகழ்ந்து இதைச் சொல்லாமல் விட்ட கடிதம் உதவாது. ஆய்வாளர் பற்றிய பகுதியும் ஆய்வுத் திட்டமும் சேர்ந்து 12 பக்கம்தான். பரிந்துரைக் கடிதங்கள் மூன்று முதல் ஐந்து வேண்டும், அவற்றுக்கும் அதே நாள்தான் கெடு.

இந்தியா திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: ஆர்00-ஐ அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

## கே01, கே08, கே23

கிரீன் கார்டு இருந்தால் மட்டும் இந்தப் பகுதி உங்களுக்கு. பணம் வழங்கும் நாளுக்குள் அது கையில் இருக்க வேண்டும்.

மூன்றும் ஒரே குடும்பம். நோயாளிகளை நேரில் சந்தித்துச் செய்யும் ஆய்வுக்கு கே23. மனநல மருத்துவர்கள் மட்டுமல்ல, மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் கேட்கலாம். மருத்துவப் பட்டம் இருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவருக்கு கே08. ஆய்வுப் பட்டம் மட்டும் உள்ளவருக்கு கே01.

இவற்றின் பெரும் பலம் நேரம். ஐந்து ஆண்டு, 75 விழுக்காடு ஆய்வுக்கு என்று பூட்டி வைத்த நேரம். வாரத்தில் நான்கு நாள் வெளிநோயாளிப் பிரிவில் நிற்க வேண்டிய மனநல மருத்துவருக்கு இதைவிட மதிப்பான எதுவும் இல்லை. நான்கு ஆண்டுக் கெடு இல்லாததால் பயிற்சி நீண்டவருக்கும் இடம் உண்டு. இடையில் ஆர்01 கிடைத்தால், கடைசி இரண்டு ஆண்டில் கே-க்கான நேரத்தை 50 விழுக்காடாகக் குறைத்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு சம்பள இடைவெளி. கே நிதி தரும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு மனநல மருத்துவரின் சம்பளத்தில் 75 விழுக்காட்டை அது எட்டாது. மிச்சத்தைத் துறைதான் போட வேண்டும். மேற்செலவாகப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பது 8 விழுக்காடு மட்டுமே. ஆகவே துறையின் பார்வையில் உங்கள் கே23 அதற்குச் செலவு. இதைத் துறைத் தலைவர் மனமார ஏற்றிருக்கிறாரா என்று விண்ணப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஏற்காத இடத்தில், காகிதத்தில் 75 என்று எழுதிவிட்டு வெளிநோயாளிப் பிரிவில் 50 விழுக்காடு நேரம் உழைக்கச் சொல்வார்கள். அது விதிமீறல், பொறுப்பு உங்கள் தலையிலும் விழும்.

கல்விக் கடன் உள்ளவர்கள் என்.ஐ.எச்-இன் கடன் அடைப்புத் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுக்கு 50,000 டாலர் வரை, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அதற்கும் குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே நேரத்தில் இரண்டு கே விண்ணப்பங்கள் மதிப்பீட்டில் இருக்கக் கூடாது. கே99-ஐயும் கே23-ஐயும் ஒரே சுற்றில் அனுப்பி எது வருகிறதோ பார்க்கலாம் என்ற எண்ணம் பலிக்காது. ஊர் மாறத் தயாராக இருந்தால் கே99, இருக்கும் துறையிலேயே வேரூன்ற விரும்பினால் கே23.

## நேராக ஆர்01

ஏற்கெனவே உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தவருக்கு இதுதான் பாதை. நான்கு ஆண்டுக் கெடு முடிந்த போஸ்ட்டாக்குகளுக்கும் கடைசியில் இதுதான். ஆனால் போஸ்ட்டாக் நிலையில் இருப்பவரை முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கப் பல பல்கலைக்கழகங்கள் விடுவதில்லை. ஆராய்ச்சி உதவிப் பேராசிரியர் போன்ற ஒரு பதவி முதலில் தேவைப்படும்.

தொகையில் இதற்கு ஈடு இல்லை. சுருக்க பட்ஜெட்டில் ஆண்டுக்கு 2,50,000 டாலர், ஐந்து ஆண்டுக்கு 12,50,000, மேற்செலவு இதற்கு மேல் தனியாக. ஆர்00-இன் மூன்று ஆண்டுத் தொகை மேற்செலவு உட்பட 7,47,000 என்பதோடு வைத்துப் பாருங்கள்.

தொடக்கநிலை ஆய்வாளர் என்ற தகுதி, பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடித்த நாளிலிருந்து பத்து ஆண்டு. அந்தத் தகுதி உள்ளவரின் விண்ணப்பத்துக்கு நிதி முடிவில் முன்னுரிமை உண்டு. ஆர்00-ஓ, ஆர்21, ஆர்03 என்ற சிறிய ஆய்வு நிதிகளோ பெற்றதால் இது போகாது. ஆனால் ஆய்வகத் தலைவர் தம் ஆர்01-இல் உங்களை இணை முதன்மை ஆய்வாளராகச் சேர்த்தால், அது கிடைத்த நாளிலேயே உங்கள் தகுதி போய்விடும். பெருமைக்குரிய அழைப்பாகத் தோன்றும், ஏற்காதீர்கள். கூட்டு ஆய்வாளராகச் சேருங்கள், அதற்குத் தடை இல்லை.

பலர் முதலில் சிறிய ஆர்21 எழுதிப் பழகலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு மொத்தம் 2,75,000 டாலர் நேரடிச் செலவு. முன்தரவு (விண்ணப்பத்துக்கு முன்பே திரட்டிய தொடக்கத் தரவு) கட்டாயமில்லை என்பது உண்மை. ஆனால் தொடக்கநிலை ஆய்வாளருக்கான முன்னுரிமை ஆர்21-க்குப் பொருந்தாது. மூத்தவர்களோடு சம தரையில் போட்டி. முன்தரவு கொஞ்சம் இருந்தாலே ஆர்01 எழுதுவதுதான் மேல்.

மனநல ஆய்வுக்கு மட்டுமான தடைகள் இங்கே கூடுதல். தேசிய மனநல நிறுவனமான என்.ஐ.எம்.எச் 2014 முதல் சிகிச்சைச் சோதனைகளிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறது: சிகிச்சை எந்த வழிமுறையைத் தொடுகிறது, தொட்டது என்று எப்படி அளப்பீர்கள்? "இந்த உரையாடல் சிகிச்சை மனச்சோர்வு மதிப்பெண்ணைக் குறைக்கிறதா" என்ற கேள்வி மட்டும் போதாது. பொதுவான ஆர்01 அறிவிப்பின் கீழ் சிகிச்சைச் சோதனையை அனுப்பாமல், அந்நிறுவனத்தின் தனி அறிவிப்புகளைத் தேடுங்கள். 2025 ஜனவரி 25 முதல் ஆர்01 மதிப்பீடும் மாறியிருக்கிறது. ஆய்வின் முக்கியத்துவம், செய்முறையின் கறார்த்தன்மையும் சாத்தியமும் ஆகிய இரண்டுக்குத்தான் மதிப்பெண். ஆய்வாளரின் தகுதியும் வசதியும் போதுமா இல்லையா என்று மட்டும் பார்க்கப்படும். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் இல்லாதவருக்கு இது நல்ல செய்தி.

தரவுச் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள். மனிதர்களிடம் திரட்டிய தரவை என்.ஐ.எம்.எச்-இன் தரவுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். பெரியவர்களிடம் பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வு), ஜி.ஏ.டி-7 (பதற்றம்) போன்ற பொதுவான அளவுகோல்களையும் அந்நிறுவனம் எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் கூடுதலாகப் பல நிமிடமும், தரவைச் சீர்செய்ய ஒருவரின் நேரமும் ஆகும். ஒப்புதல் படிவத்தில் தரவுப் பகிர்வு இல்லையென்றால் பிறகு எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க நேரும்.

சென்னையிலோ வேலூரிலோ தரவு திரட்டும் திட்டம் மனத்தில் இருந்தால் எச்சரிக்கை: 2025 மே மாதம் என்.ஐ.எச் வெளிநாட்டுத் துணைமானியங்களின் (மானியத்தில் ஒரு பகுதியை வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பிரித்துத் தருவது) பழைய முறையை நிறுத்தியது. இந்தியப் பகுதி இல்லாவிட்டாலும் திட்டம் நிற்குமா என்று முதலில் பாருங்கள்.

## பி.பி.ஆர்.எஃப் இளம் ஆய்வாளர் நிதி

மூளை, நடத்தை ஆய்வு அறக்கட்டளை தருவது. முன்பு நார்சாட் என்று பெயர், 1987 முதல் வழங்குகிறது. ஆண்டுக்கு 35,000 டாலர், இரண்டு ஆண்டு. எந்த நாட்டினரும் எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இருப்பவருக்கும் வாசல் திறந்தே இருக்கிறது.

70,000 டாலரில் ஆய்வகம் நடத்த முடியாது. இதை ஆர்01-க்கான முன்தரவு வாங்கும் பணமாகப் பாருங்கள். 30, 40 பேரிடம் ஒரு புதிய அளவீட்டைச் சோதிக்கலாம், ஒரு விலங்கு மாதிரியை நிறுவலாம். மூன்று குறிக்கோள் எழுதிய விண்ணப்பம் இங்கே எடுபடாது, இரண்டாண்டில் முடியும் ஒரு கேள்வி போதும். கே99 மதிப்பீட்டில் காத்திருக்கும் மாதங்களில் இதையும் அனுப்பலாம், ஒன்று மற்றதைத் தடுக்காது.

## யாருக்கு எது

விசாவில் இருக்கிறீர்கள், போஸ்ட்டாக்கில் இரண்டரை ஆண்டு ஆகவில்லை என்றால் இன்றே கே99-க்கான குறிக்கோள் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள், மற்றவை காத்திருக்கும். மூன்றரை ஆண்டு தாண்டி, முன்தரவும் இல்லையென்றால் கே99-க்காக ஆறு மாதத்தைச் செலவிடாமல், ஒரு கட்டுரையை முடித்துவிட்டு பி.பி.ஆர்.எஃப்-உம் வேலைத் தேடலும் என்று போவதே நல்லது என்பது என் கருத்து. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் உள்ளவர்கள் அதன் ஐந்து ஆண்டு உச்சவரம்பு கே99 கட்டத்தின் நடுவில் முடியுமா என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கிரீன் கார்டும் மருத்துவப் பொறுப்பும் இருந்து, ஊர் மாற விருப்பமில்லை என்றால் கே23. தொடக்க நிதியோடு வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆனவர் கே வகைகளைத் திரும்பிப் பார்க்காமல் ஆர்01 எழுதலாம்.

எதைத் தேர்ந்தாலும், கெடுவுக்கு மூன்று மாதம் முன்பு அந்த நிறுவனத்தின் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கக் குறிக்கோளை அனுப்பிப் பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். "என் யோசனை நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்வதில்லை. இந்த ஆய்வு உங்கள் வரையறையில் டிரையலா, இப்போது நடப்பில் உள்ள எந்த அறிவிப்பின் கீழ் அனுப்ப வேண்டும், என் போஸ்ட்டாக் மாதங்களை நீங்கள் எப்படி எண்ணுவீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.